முக்காட்டுக்காரி ஏன் பேசவில்லை

ஊரடங்கு போட்ட அந்த வருடம் எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேரும், சித்தப்பாவின் கைப்பேசிக்குள் ஒரு பெரிய கூட்டமுமாக இருந்தோம். அந்தக் கூட்டத்தில் ஒரு கோடரிக் கிழவர், வில்லோடு வந்த இரட்டையர், தலைமுடி எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு சிறுமி, பேசும் எருது ஒன்று எல்லாம் அடக்கம். வீட்டில் இருந்தவர்களைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சித்தப்பா வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கம்பெனியை மூடியதும் மலையேறி வீட்டுக்கு வந்துவிட்டார். கொண்டுவந்தது ஒரு பை துணியும் அந்த விளையாட்டும்தான். ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. நாங்கள் வாசல் கேம் என்போம். ஒரு மொட்டைக் குன்றின்மேல் கல்லால் ஆன வாசல் ஒன்று நிற்கும். அதன்முன் நீலக் கற்களை வைத்து விரலால் தேய்த்தால் உள்ளே வெளிச்சம் வரும். வெளிச்சத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு வீரர் நடந்து வருவார். யார் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. வந்தவர் ஒரே ஒரு வாக்கியம் பேசுவார். அதன்பிறகு நாம் காட்டும் இடத்தில் நின்று, நாம் காட்டும் பூதத்தோடு சண்டை போடுவார்.

எனக்கு ஆறாம் வகுப்புப் பாடமும் அதே கைப்பேசியில்தான் வந்தது. எங்கள் சாமைக் கொல்லைக்கு மேலே இருந்த பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் காலையில் சித்தப்பாவும் நானும் பாறைக்குப் போய்விடுவோம். பாடம் கொஞ்ச நேரம். வாசல் கேம் மீதி நேரம். அம்மாவைப் பொறுத்தவரை நாள் முழுவதும் பாடம்.

வீரர்கள் பேசுவதை எல்லாம் சித்தப்பாதான் எனக்குத் தமிழில் சொல்லுவார். கோடரிக் கிழவர் வாசலை விட்டு வெளியே வந்ததும், “கதவைச் சாத்திட்டு வந்தேனா?” என்று கேட்பார். நெருப்புத் தலைச் சிறுமி, “இன்னும் கொஞ்ச நேரம் தூங்குறேனே,” என்பாள். எருது, “என் சோடி எங்கே?” என்று கேட்கும். சித்தப்பாவின் ஆங்கிலம் கம்பெனிப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்து வளர்ந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று அவர் சொன்னதே எனக்கு மூலம்.

ஒரு தூறல் நாளில் முக்காட்டுக்காரி வந்தாள்.

எல்லோருக்கும் கிடைக்காதவள் அவள். சித்தப்பா பாறையில் எழுந்து நின்று துண்டைச் சுற்றினார். உயரமான பெண். கறுப்புத் துணியால் மூக்கு வரைக்கும் முக்காடு. கையில் ஒன்றும் இல்லாமல் வருவாள், வந்த பிறகு வாசலில் சாத்தியிருக்கும் ஈட்டியை எடுத்துக்கொள்வாள். அவளுக்கு மட்டும் வசனம் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், அவ்வளவுதான். சண்டையில் அடிபட்டால் மற்றவர்கள் கத்துவார்கள். இவள் அதற்கும் வாய் திறக்க மாட்டாள்.

அவள் ஏன் பேசவில்லை என்று உலகம் முழுக்க ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா அதையெல்லாம் தேடிப் படித்துச் சொல்லுவார். அவற்றுக்குத் தியரி என்று பெயர். செத்துப்போன ராஜாவின் ஆவிதான் அவள் என்று ஒரு தியரி. ரகசியம் தெரிந்தவள் என்பதால் நாக்கை அறுத்துவிட்டார்கள் என்று இன்னொன்று. வாசலைக் கட்டிய கல்தச்சனே அவள்தான், பேசினால் வாசல் இடிந்துவிடும் என்பது மூன்றாவது. குரல் பதிவு செய்ய விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் மறந்துபோனார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சித்தப்பாவுக்கு அதில்தான் நம்பிக்கை. முக்காட்டுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், யார் பேசுவது என்று அவர்களுக்குள் சண்டை என்பது என் தியரி.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. சந்தவாசலுக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாசியில் புளி உலுக்க ஆள் போதவில்லை என்று அம்மா சொல்லியனுப்ப, இரண்டொரு நாளில் திரும்புவதாக வந்தாள். உலுக்கி முடிந்தது. ஓடு உடைத்து, கொட்டை எடுத்து முடிந்தது. அத்தை கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று யாராவது கேட்பதற்குள் பஸ் நின்றுவிட்டது.

பாவம், அத்தை இங்கே மாட்டிக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். சாயங்காலமானால் வேலியோரம் நின்று கீழே இறங்கிப் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது வண்டியில் வரும் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாள். மாமா ஞாபகம் வந்து அழத்தான் போகிறாள் என்று நானும் பின்னால் போக மாட்டேன். பேச்சு என்று பார்த்தால் ‘சரி’, ‘ஆவட்டும்’, ‘போதும்’ இவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு நினைவில்லை. அப்பாவும் அவளோடு பேசி நான் பார்க்கவில்லை. அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவரே அவர்தான். அத்தை சோறு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

சாமை விதைப்புக்காகக் கொல்லையில் கல் பொறுக்கும் வேலை நடந்துகொண்டிருந்த சமயம். எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்த அத்தை பாறையில் எங்களுக்குப் பின்னால் நின்றாள். ஆவியா, இரண்டு பேரா என்று சித்தப்பாவும் நானும் கத்திக்கொண்டிருந்தோம்.

“அவளை யாரு கூப்ட்டது?” என்றாள் அத்தை.

“நாமதான் அத்தை. நீலக் கல்லு வெச்சிக் கூப்ட்டோம்.”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“இன்னா கேக்கணும்?”

“வர்றியான்னு.”

சித்தப்பா சிரித்துவிட்டார். “யக்கா, கேம்ல எப்பிடிக்கா கேக்கறது? அதுக்கெல்லாம் பட்டனே கெடையாது.”

“அதான் பேச மாட்டேங்கறா,” என்று சொல்லிவிட்டு அத்தை கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள்.

சித்தப்பா சிரிப்பதை நிறுத்தினார். அவர் படித்த தியரிகளில் இப்படி ஒன்று இல்லை. அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து மற்ற வீரர்களையும் ஒவ்வொருவராகக் காட்டினார். அவர்கள் வந்ததும் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சொன்னார். அத்தை கைப்பேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கிழவரை ஒரு தடவை, எருதை ஒரு தடவை, முக்காட்டுக்காரியைத் திரும்பத் திரும்ப.

“பாவாடை நுனி நனைஞ்சிருக்குது பாரு,” என்றாள்.

சித்தப்பா படத்தைப் பெரிதாக்கினார். மெய்யாகவே பாவாடையின் கீழோரம் மட்டும் இன்னும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. இத்தனை நாள் பார்த்தும் நாங்கள் கவனிக்காதது.

“தண்ணி எடுக்கப் போன எடத்துல இழுத்துகினு வந்திருக்காங்க. கெழவன் கதவைக்கூட சாத்தலை. இந்தப் பொண்ணு தூக்கத்துலேருந்து வர்றா. மாட்டுக்கு சோடிய காணோம். எல்லாரும் பாதி வேலையில வந்தவங்கடா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வூடு இருந்திருக்கும். நாம கல்லைத் தேச்சா இங்க வெளிச்சம். அங்க ஒரு வூட்ல ஆளக் காணோம்னு தேடுவாங்க.”

“அப்ப அவங்க திரும்பிப் போவ முடியாதா அத்தை?”

“வாசல்ல வர்ற பக்கம்தானே வெளிச்சம் இருக்குது? போற பக்கம் இருட்டா இல்ல கீது?”

அதுவும் உண்மைதான். நான் கஞ்சியைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அத்தை இவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கு அப்போது ஆச்சரியமாகப் படவில்லை. தியரி அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாளே சித்தப்பா அதைப் பதிவு செய்தார். திரையில் முக்காட்டுக்காரி நின்றுகொண்டே இருப்பாள். குரல் மட்டும் அத்தையுடையது. முதலில் வெட்கப்பட்டு முடியாது என்றாள். முகம் தெரியாது, பெயர் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பா சத்தியம் செய்த பிறகு, அவரும் நானும் கேள்வி கேட்க, அவள் பதில் சொன்னாள். “பேச வாய் தொறந்தா அழுகைதான் வரும்னு அவளுக்குத் தெரியும். இவங்க முன்னாடி அழுவக் கூடாதுன்னு வாய மூடிகினு கீறா. வேற ஒன்னும் இல்ல,” என்று அத்தை சொல்லி முடித்தபோது பாறைக்குக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது.

சித்தப்பா அதை நெட்டில் ஏற்றியதும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் கேட்டார்கள். எங்கள் மலையில் இருக்கும் அத்தனை பேரையும்விட அதிகமானோர் கேட்டிருப்பார்கள் என்று சித்தப்பா கணக்குச் சொன்னார். ‘அக்கா, அந்த ஈரத்த எப்படிக்கா பாத்தீங்க’, ‘அக்கா, அழுதுட்டேன்’, ‘எருது தியரி போடுங்க அக்கா’ என்று கீழே எழுதினார்கள். கிழவர் கதவைப் பற்றிப் பேசவே இல்லை, ‘வாசலைத் திறந்தது யார்’ என்றுதான் கேட்கிறார் என்று ஒருவர் மட்டும் திருத்தியிருந்தார். நான்கு பேர் சேர்ந்து அவர் வாயை அடைத்தார்கள். சித்தப்பா எனக்கு அதைப் படித்துக்காட்டவில்லை.

அதன்பிறகு அத்தையை நிறுத்த முடியவில்லை. கல் பொறுக்கும்போது யோசித்து வைத்துக்கொண்டு பாறைக்கு வருவாள். கிழவர் தன் வீட்டில் தனியாக இருந்தவர் என்றாள். பொண்டாட்டி இருந்தால் கதவைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார்? நெருப்புச் சிறுமிக்கு முடி எரிவது கோபத்தால் இல்லை, குளிருக்கு அடுப்போரம் படுத்தவள் அப்படியே வந்துவிட்டாள். கேட்பவர்கள் கொண்டாடினார்கள். வீட்டுக்குள்ளும் அத்தையின் குரல் கேட்கத் தொடங்கியது. களைக்கொட்டு எங்கே என்று கேட்டால், அதைக் கடைசியாக எடுத்தது யார், எங்கே வைத்திருப்பார்கள், ஏன் என்று ஒரு தியரியோடு பதில் வரும். “இவ இவ்ளோ பேசுவாளா!” என்று அம்மா என்னிடம் அதிசயப்பட்டாள். அப்பா அந்த நேரங்களில் வெளியே எழுந்து போகாமல் சும்மா உட்கார்ந்திருப்பார்.

எருது தியரியில்தான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. சோடியைப் பிரிந்த மாடு எப்படி இருக்கும் என்று விளக்கும்போது அத்தை, “எங்க மாமியா வூட்ல ஒத்தக்கொம்பு மாடு ஒன்னு கீது. சோடிய வித்துட்டாங்க. அன்னியிலேருந்து அது கெழக்கு பாத்துதான் படுக்கும்,” என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா அதை வெட்டி எடுக்காமல் அப்படியே போட்டார்.

ஒரு காலையில் பாறைமேல் இருந்தபோது சித்தப்பாவின் நண்பர் ஒருவர் கைப்பேசியில் சொன்னார், பஸ் விடப் போகிறார்கள் என்று. நான் சித்தப்பாவுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கொல்லை வழியாக ஓடி வீட்டுக்குள் புகுந்தேன்.

“அத்தை! பஸ் விடப் போறாங்களாம்! நீ ஊருக்குப் போயிடலாம்!”

அத்தை உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை மேலேயே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

“நல்லதுடி,” என்றாள்.

அன்று அவள் பாறைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஊருக்குக் கிளம்பத் துணிமணி எடுத்து வைக்கிறாள் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் போய்ப் படிக்கச் சொன்னாள். அத்தை மறுபடி ‘சரி’, ‘ஆவட்டும்’ என்பதற்குத் திரும்பியிருந்தாள். கேட்பவர்கள் அடுத்த தியரி எங்கே என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களை நினைத்துத்தான் கவலை.

பஸ் ஓடத் தொடங்கிய வாரமே அவர்கள் வந்துவிட்டார்கள். மாமா, மாமாவின் அம்மா, மாமாவின் தம்பி. நிறுத்தத்திலிருந்து மேடேறி வந்ததில் அந்த ஆயாவுக்கு மூச்சு வாங்கியது. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். மாமா உட்காராமல் தூணோரம் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. தன் அம்மா பேசி முடிக்கும்வரை எப்போதும் ஏதோ ஒரு தூணோரம் நிற்பவர், அவ்வளவுதான். தம்பி வேலிக்கு வெளியே இருந்த கல்லில் உட்கார்ந்து எங்கள் பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கோழி பிடிக்கப் போனாள். அத்தை சமையற்கட்டு வாசலில் நின்றாள், தலை குனிந்து.

“பொண்ணக் கூட்டிகினு போவத்தான் வந்தோம்,” என்றார் ஆயா. “அதுக்கு முன்னாடி ஒரு ஞாயம் கேக்கணும். டேய், அந்தப் பேச்சப் போடுடா.”

தம்பி வந்து தன் கைப்பேசியை முற்றத்தில் வைத்தார். எங்கள் முதல் தியரி. ‘அவகிட்ட கேட்டீங்களா? வர்றியான்னு?’ என்று அத்தையின் குரல் கேட்டது. எங்கள் குரல் இவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. பிற்பாடுதான் விவரம் தெரிந்தது. அந்தத் தம்பியும் வாசல் கேம் ஆடுகிறவர். அத்தையின் தியரிகளை ஒன்றுவிடாமல் கேட்டு, கீழே ‘செம அக்கா’ என்று எழுதிவந்தவர். அது தன் அண்ணி என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவள் ஒரு முழு வாக்கியம் பேசி அவர் கேட்டதே இல்லை. ஒத்தக்கொம்பு மாட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார். மாட்டுக்கொட்டகையில் அது கிழக்கே பார்த்துப் படுத்திருந்திருக்கிறது.

“நாங்க இன்னா, நீலக்கல்லைத் தேச்சா இவளக் கூப்ட்டோம்?” ஆயாவின் குரல் உயர்ந்தது. “மோளம் அடிச்சி, ஊரக் கூட்டித்தானே கூட்டிகினு போனோம்? ஈட்டிய குடுத்து சண்ட போடச் சொன்னோமா? தண்ணி எடுக்கச் சொன்னா அது ஒரு குத்தமா? ஊரே கேக்குதுப்பா இத்த!”

எனக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. விளையாட்டுத் தெரியாத மனுஷி, தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் முன்னால் போய் நின்றேன்.

“ஆயா, அது உங்களச் சொல்லல. அது முக்காட்டுக்காரி. கேம்ல வர்றவ. அவ சண்ட போடறது பூதத்தோட.”

“பாத்தியாடா!” என்று அவர் மாமாவின் பக்கம் திரும்பினார். “இத்தினி பொண்ணு, என்னைப் பூதம்ங்குது!”

சித்தப்பா என்னை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டார். வேலி கட்டிக்கொண்டிருந்த அப்பா கையில் கொடியோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் தியரிகளில் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை. பாறைக்கு அவர் வந்ததே இல்லை.

“இன்னொருவாட்டி போடுப்பா,” என்றார் தம்பியிடம்.

தம்பி தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு போட்டார். அப்பா கைப்பேசியை எடுத்து, யாரோ அவரோடு பேசுவதைப் போலக் காதில் வைத்துக்கொண்டார். முழுக்கக் கேட்டார். நடுவில் ஆயா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். முடிந்ததும் கைப்பேசியைத் துண்டில் துடைத்துத் தம்பியிடம் கொடுத்தார். பிறகு சமையற்கட்டு வாசலைப் பார்த்தார்.

“இன்னாம்மா,” என்றார். “போறியா?”

சந்தைக்குப் போகிறாயா என்று அம்மாவைக் கேட்பாரே, அதே மாதிரிதான் கேட்டார். அத்தை நிமிர்ந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கோழியைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா அப்படியே நின்றாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை.

“போவல, அண்ணா.”

அப்பா தலையை ஆட்டினார். ஆயாவிடம் திரும்பி, “சாப்ட்டுட்டுக் கெளம்புங்க சம்மந்திம்மா. சாயங்கால பஸ்ஸு சீக்கிரமே போயிடும்,” என்றார்.

“மச்சான், ஊர்ல இன்னா சொல்றது?” என்றார் மாமா. அன்று அவர் பேசிய ஒரே பேச்சு அது.

“நான் வந்து சொல்றேன் மாப்ளை. கட்டிக் குடுத்தப்ப இவளை ஒரு வார்த்த நான் கேக்கல. இப்ப கேட்டுட்டேன். இனிமே ஊருக்கு இன்னா பதிலோ அது என்னுது.”

ஆயா கத்தினார், அழுதார், மண்ணை வாரிப் போடுவேன் என்றார். அப்பா எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். கோழிக்குழம்பு கொதித்து வாசனை வந்தபோது ஆயாவின் குரலும் கொஞ்சம் தணிந்திருந்தது. கோபத்தோடேயே இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அத்தைதான் பரிமாறினாள். கிளம்பும்போது மாமா ஒரு தடவை அத்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினார். தம்பி மட்டும் செருப்பை மாட்டுவதுபோலக் குனிந்து தங்கினார்.

“அண்ணி,” என்றார் ரகசியமாக, “அந்த ரெட்டையர் தியரி எப்ப போடுவீங்க?”

“டேய்!” என்று கீழிருந்து அவர் அம்மாவின் குரல் வந்தது. ஓடிப்போனார்.

அவர்கள் வளைவில் மறைந்தார்கள். பிறகு அத்தை முற்றத்திலேயே உட்கார்ந்தாள். குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மிச்சம் இருந்ததை எல்லாம் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். அவ்வளவு சாப்பிட்டு நான் அவளைப் பார்த்ததில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அத்தை ஊருக்குப் போகாதது எனக்கும் பெரிய நிம்மதிதான். அடுத்த தியரி வந்துவிடும்.

மறுநாள் அப்பா முதல் தடவையாகப் பாறைக்கு ஏறி வந்தார். “அந்தப் பொண்ணக் காட்டு பாக்கலாம்,” என்றார். முக்காட்டுக்காரியை வெகுநேரம் பார்த்தார். வேறு எந்த வீரரையும் பார்க்க விரும்பவில்லை. அதன்பிறகு அவ்வப்போது வேலைக்கு நடுவில் வந்து, “இன்னா, பேசினாளா?” என்று கேட்டுவிட்டுப் போவார். அத்தையின் தியரி அப்பாவையே வாசல் கேமுக்கு இழுத்துவிட்டது என்று நான் தீர்மானித்தேன். மாமா வீட்டாரை அவர் அனுப்பிவைத்ததற்கும் காரணம் அதுதான். அவ்வளவு நல்ல தியரி சொல்கிறவளை யார் அனுப்புவார்கள்?

சாமை அறுப்பு சமயத்தில் விளையாட்டுக்குப் புதுப் பகுதி வந்தது. முக்காட்டுக்காரி பேசப் போகிறாள் என்று கம்பெனியே அறிவித்திருந்தது. உலகம் முழுக்கக் காத்திருந்தார்கள். சித்தப்பாவும் நானும் பாறையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். அத்தை கீழே கொல்லையில் அறுத்துக்கொண்டிருந்தாள்.

முக்காட்டுக்காரி முக்காட்டை எடுத்தாள். உள்ளே சாதாரணமான முகம். கொஞ்சம் குறும்பான கண்கள். இந்தத் தடவை திரையின் கீழே தமிழிலேயே எழுத்து ஓடியதால் சித்தப்பா தேவைப்படவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை என்றாள் அவள். எங்கள் ஏரிக்கு அக்கரையில் ஒரு நாள் வெளிச்சம் தெரிந்தது. என்னவென்று பார்க்க நானே தண்ணீரில் இறங்கி நடந்து வந்தேன். உங்கள் பாஷை தெரியாததால் இத்தனை நாளும் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தேன். இப்போது பேசுவேன்.

அவ்வளவுதான். ஆவியும் இல்லை, இரண்டு பேரும் இல்லை. அத்தையின் தியரியில் ஈரத்தைத் தவிர ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அதற்குள்ளேயே ‘அக்கா தியரி அவுட்டு’ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேறு யாராவது சொல்லி அத்தைக்குத் தெரிவதற்குள் நாமே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று பாறையிலிருந்து இறங்கி ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பக்குவமெல்லாம் போய்விட்டது.

“அத்தை, எல்லாம் தப்பு. அவளை யாரும் இழுத்துகினு வரலியாம். அவளேதான் வந்தாளாம்.”

அத்தை அரிவாளோடு நிமிர்ந்தாள். “இன்னாடி சொல்ற?”

“தண்ணியத் தாண்டி அவளே நடந்து வந்தாளாம். வெளிச்சம் இன்னான்னு பாக்க.”

“மெய்யாலுமா? யாரும் புடிச்சிகினு வரலியா?”

“இல்ல.”

“ஆசப்பட்டு வந்தாளா?”

“ஆமா அத்தை. பேசாததுகூட பாஷ தெரியாமத்தானாம்.”

அத்தை அரிவாளைப் போட்டுவிட்டு அறுத்துப் போட்ட சாமைத் தாளின்மேல் அப்படியே உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை விலக்கினேன். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாடா,” என்றாள். “எத்தினி நாளா மனசு கெடந்து அடிச்சிகினு இருந்துச்சி தெரியுமா அவள நெனச்சி! நல்லா இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்டி அவ.”

பக்கத்துக் கொல்லையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபமாக வந்தது. உலகமே பார்க்கத் தோற்றுப்போயிருக்கிறோம், இவளுக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. கையை உதறிவிட்டுப் பாறைக்கு ஏறிப் போய், அத்தைக்கு இனிமேல் தியரி சரிப்பட்டு வராது, அவளுக்கு ஜெயிக்கும் ஆசையே கிடையாது என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.